இரண்டு பேர் வரை அனுமதி

நாற்பத்தொரு நிமிடத்தில் ஒரு மென்பொருள் ஒரே கேள்வியை ஒரு கோடியே பதினான்கு லட்சம் தடவை கேட்டிருந்தது. மனிதராக இருந்தால் மூன்றாவது தடவையிலேயே எரிச்சல் வந்து, எழுந்து டீ குடிக்கப் போயிருப்பார்.

மருத்துவமனையின் சர்வர் அறையில் உட்கார்ந்து அந்தப் பதிவை உருட்டிக்கொண்டிருந்தேன். மொத்தமும் இரண்டே பெயர்கள். நம்புத்தாய். ரீத்தம்மாள். நம்புத்தாய். ரீத்தம்மாள். விரல் வலிக்கும் வரை உருட்டியும் மூன்றாவது பெயர் வரவே இல்லை. எனக்குப் பயம் வந்திருக்க வேண்டும். வந்தது என்னவோ, சின்ன வயதில் வீட்டு ரேடியோவைப் பிரித்துப் போட்டபோது வந்த அதே குறுகுறுப்புதான்.

பயப்படக் காரணம் இருந்தது. மென்பொருளின் அந்தப் பகுதியை எழுதியவள் நான். பெயர் சுபாஷிணி. சான்று வாரியத்தின் மதுரைக் கிளையில் பதினாறு வருடமாகக் குப்பை கொட்டுகிறேன்.

முகத்தையும் குரலையும் யார் வேண்டுமானாலும் நகல் எடுக்கலாம் என்று ஆகிப்போன பிறகு, எதிரே நிற்கிற ஆள் அந்த ஆள்தானா என்று நம்ப வழியில்லாமல் போனது. அப்போது பிறந்ததுதான் வாரியம். ஒவ்வொருவர் கழுத்திலும் ஒரு வில்லை. அதற்குள் ஒரு சான்று. சான்றில், 'இவர் இன்னார்தான்' என்று இன்னொருவர் போட்ட கையெழுத்து. அந்த இன்னொருவருக்குப் பெயர் சாட்சி. ரேஷன் கடையிலிருந்து ஆபரேஷன் தியேட்டர் வரை வில்லையைப் பார்க்காமல் எந்தக் கதவும் திறக்காது.

அன்று காலை ஏழு மணிக்கு, கடலோரத்திலிருந்து வந்த நம்புத்தாய் என்ற பெண் மருத்துவமனை வரவேற்பில் வில்லையை வைத்திருக்கிறார். விளக்கு பச்சையும் ஆகவில்லை, சிவப்பும் ஆகவில்லை. மஞ்சளிலேயே நின்றுவிட்டது. கட்டடம் முழுக்க ஒரே சர்வர். ஆகவே லிஃப்ட் நின்றது, வார்டு கதவுகள் நின்றன, மருந்து அலமாரிகள் நின்றன. பாம்பு கடித்து வந்த ஒருவருக்குப் போட வேண்டிய ஊசி கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தது. ஒரு நர்ஸ் தீயணைப்பு உருளையைத் தூக்கி அலமாரியை உடைத்தார். அவர் முழங்கையில் ஏழு தையல். கடி பட்டவர் பிழைத்துக்கொண்டார். கடைசியில் எலக்ட்ரீஷியன் மெயின் சுவிட்சை இறக்கி ஏற்றிய பிறகுதான் சர்வருக்குச் சுயநினைவு திரும்பியது.

சென்னையிலிருந்து என் மேலதிகாரி கிருபாகரன் சார் அதற்குள் நான்கு தடவை கூப்பிட்டுவிட்டார்.

"சுபா, இது தாக்குதல்மா. ஒத்த வில்லையால மூணு மாடி ஸ்தம்பிச்சுப் போகுதுன்னா சும்மாவா? யாரோ உக்காந்து யோசிச்சுப் பண்ணியிருக்கான்."

"அந்தம்மா கடல்ல பாசி எடுக்கிறவங்க சார்."

"அப்ப எவனோ அவங்களைப் பயன்படுத்தியிருக்கான். நம்ம எல்லா இடத்துலயும் இதே பதிப்புதான் ஓடுது. நாளைக்கு ஏர்போர்ட்ல ஒருத்தன் இதையே செஞ்சா? சாயங்காலம் ஆறு மணிக்குள்ள திருத்தம் ஏறியாகணும்."

அவர் சொன்னதில் தப்பில்லை. திருட வேண்டாம், உடைக்க வேண்டாம், கடவுச்சொல் எதுவும் தெரிய வேண்டாம். முடிவே வராத ஒரு கேள்வியைக் கொடுத்தால் போதும், சர்வர் தானே மாட்டிக்கொண்டு மற்ற எல்லோரையும் வெளியே நிறுத்திவிடும். எனக்கு ஆச்சரியம் வேறு. இதை யோசித்துச் செய்திருந்தால் அந்த ஆள் பெரிய கெட்டிக்காரன். அவனைப் பார்க்க ஆசையாக இருந்தது.

அறைக்குள் டாக்டர் நிலோஃபர் வந்தார். அறுவைச் சிகிச்சைப் பிரிவு. முப்பத்தைந்து வயதிருக்கும், தூங்கி இரண்டு நாள் ஆன முகம்.

"மேடம், உங்க பொட்டி எப்ப சரியாகும்?"

"சாயங்காலத்துக்குள்ள."

"அந்தம்மா கால்ல மீன் முள் ஏறி, வீட்டு வைத்தியம் பாத்து, சீழ் கணுக்கால் வரைக்கும் வந்துடுச்சு. இன்னைக்கு சாயங்காலம் நான் உள்ள கொண்டுபோனா பாதம் தப்பிக்கும். நாளைக்குன்னா முழங்காலோட எடுக்கணும். நாளன்னைக்குன்னா என்னைக் கேக்காதீங்க."

"அலமாரியை உடைச்ச மாதிரி..."

"மயக்க மருந்து மெஷினே வில்லையைப் பாத்துத்தான் ஓடும். அலமாரியை உடைச்சா மருந்து கிடைக்கும். மெஷினை உடைச்சா உடைஞ்ச மெஷின்தான் கிடைக்கும்."

அந்த இரண்டு பெயர்களையும் நேரில் பார்க்கக் கீழே இறங்கினேன்.

அவர்களை ஆம்புலன்ஸ் கொட்டகையில் வைத்திருந்தார்கள். வில்லைகளைக் கழற்றி ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு, டப்பாவைக் காவலுக்கு நின்ற போலீஸ்காரர் கையில் கொடுத்திருந்தார்கள். அவர் அதை வெடிகுண்டு மாதிரி உடம்பிலிருந்து தள்ளியே பிடித்திருந்தார். ஸ்ட்ரெச்சரில் படுத்திருந்தவர் நம்புத்தாய். நாற்பது வயது, காய்ச்சலில் கண் சிவந்திருந்தது. பக்கத்தில் ஆக்ஸிஜன் சிலிண்டர் மேல் உட்கார்ந்திருந்த பெரிய உருவம் ரீத்தம்மாள். வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். பத்து விரல் நுனியிலும் தோல் உரிந்து வெளுத்திருந்தது. பாறையில் பாசி பிய்க்கிற கை.

"நீங்கதான் அந்தப் பொட்டிய எழுதுன மேடமா?" என்றார் ரீத்தம்மாள்.

"ஆமாக்கா."

"எந்த ஊரு, எந்தக் கட்சி, யாரு ஒனக்கு இதெல்லாம் சொல்லிக் குடுத்தான்னு காலையிலேருந்து கேக்குறாக. பாசி எடுக்கத்தான் சொல்லிக் குடுத்தாக, வேற ஒண்ணும் எங்களுக்கு யாரும் சொல்லித் தரலைன்னேன். எழுதிக்கிட்டாக."

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன்.

"அக்கா, உங்க வில்லையில உங்களுக்குச் சாட்சி யாரு?"

"இவதான்."

"இவங்களுக்கு?"

"நாந்தான்."

இவ்வளவு எளிதாக ஒரு குற்றவாளி ஒப்புக்கொண்டு நான் பார்த்ததில்லை.

"அப்படிப் போட முடியாதேக்கா. ஏற்கெனவே வில்லை வாங்கினவங்கதான் இன்னொருத்தருக்குச் சாட்சி போடலாம். நீங்க ரெண்டு பேரும் எப்படி ஒருத்தருக்கு ஒருத்தர்..."

"அது எனக்கென்ன தெரியும்? புயல் அடிச்ச வருசம் பள்ளிக்கூடத்துல முகாம் போட்டாக. கரண்டு கெடையாது, டவரு கெடையாது. ஒரு சாரு லேப்டாப்ப மடியில வச்சுக்கிட்டு ஒவ்வொருத்தியா கூப்புட்டு, ஒன்ன உறுதியாத் தெரிஞ்சவ யாருன்னு கேட்டாரு. நான் நம்புத்தாய்ன்னேன். அவ ரீத்தான்னா. எங்க கரையில அத்தன பேரும் சோடி சோடியாத்தான் சொன்னோம். அவரும் மழைக்குள்ள வீடு போய்ச் சேந்தாப் போதும்னு எல்லாத்தையும் ஏத்திட்டாரு."

புரிந்துவிட்டது. இணைப்பு இல்லாததால் முகாமின் சான்றுகள் ஒரே மூட்டையாகச் சேர்ந்து, மறுநாள் ஒரே நேரமுத்திரையோடு வாரியத்துக்குப் போயிருக்கின்றன. யார் முந்தி, யார் பிந்தி என்று பார்க்க வழியே இல்லை. பதினோரு வருடம் யாருக்கும் தெரியாமல் போனதும் புரிந்தது. பழைய பதிப்பு, சான்று எந்த முகாமில் ஏறியது என்று காட்டும் முகாம் முத்திரையை மட்டும் பார்த்துவிட்டு வழிவிட்டது. முகாம் முத்திரைகள் சில இடங்களில் களவு போனதால், சாட்சி மேல் சாட்சியாக உச்சி வரைக்கும் ஏறிப் பார்க்கும் புதுப் பதிப்பைப் போன வாரம்தான் போட்டோம். ஏறுகிற அந்தப் பகுதி மட்டும் புதிதல்ல. பதினோரு வருடத்துக்கு முன்னால் நான் எழுதி, பயன்படாமல் தூங்கிக்கிடந்தது. அதன் தலையில் நானே ஒரு குறிப்பும் எழுதிவைத்திருந்தேன்: 'சாட்சி எப்போதும் முந்தியவர். ஆகவே இங்கே சுழல் வர வாய்ப்பே இல்லை.' அந்த 'வாய்ப்பே'யை நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது.

"வேற யாரையாவது சொல்லியிருக்கலாமேக்கா? விஏஓ, ஸ்கூல் டீச்சர்..."

"விஏஓ என்னிக்குத் தண்ணிக்குள்ள வந்தாரு?" ரீத்தம்மாளுக்குக் கோபம் வந்துவிட்டது. "தாயி, எங்கள்ல ஒருத்தி முங்குனா ஒருத்தி மேல நிக்கணும். அவளுக்கு மூச்சுக்காரின்னு பேரு. முங்குனவ தலை தெரியிற வரைக்கும் இவ எண்ணுவா. எம்பதத் தாண்டுச்சுன்னா தானும் முங்கித் தேடணும். அடுத்த மொறை இவ முங்குவா, அவ எண்ணுவா. கல்லுக்குள்ள நான் உசுரோட இருக்கேனா இல்லையான்னு இவ ஒருத்திக்குத்தான் தெரியும். இவ சங்கதி எனக்குத்தான் தெரியும். உறுதியாத் தெரிஞ்சவ யாருன்னு கேட்டா வேற யாரச் சொல்றது?"

கேள்வியை எழுதிய வாரியத்துக் குழுவில் நானும் இருந்தேன். அந்தக் கேள்விக்கு அதுதான் சரியான பதில்.

"இவ பொட்டியில வில்லைய வச்சா உள்ள என்னதான் நடக்குது?" என்றார் சற்று இறங்கி.

"உனக்கு யாரு சாட்சின்னு கேக்கும். ரீத்தம்மாள்னு வரும். சரி, ரீத்தம்மாளுக்கு யாருன்னு கேக்கும். நம்புத்தாய்னு வரும். நம்புத்தாய்க்கு யாருன்னு..."

"மறுபடி என்கிட்ட வரும்."

"வரும். ஆமான்னும் சொல்லாது, இல்லைன்னும் சொல்லாது. கேட்டுக்கிட்டே கெடக்கும்."

"பாவம், அதுக்கு ஒரு வாய் தண்ணி குடுக்க ஆளில்ல."

ஸ்ட்ரெச்சரிலிருந்து நம்புத்தாய் முதல் தடவையாகப் பேசினார். "கால எடுத்துருவாகளா?"

"எடுக்க மாட்டாங்கக்கா."

சொல்லிவிட்டேன். எந்தத் தைரியத்தில் சொன்னேன் என்று மாடிப்படி ஏறும்போதுதான் யோசித்தேன்.

சுழலை நிறுத்துவது பெரிய வித்தை இல்லை. மூன்று வரி. ஏறும்போது பார்த்த பெயர்களைக் குறித்துவைத்துக்கொள். பார்த்த பெயரே மறுபடி வந்தால் நிராகரி. இதை ஏற்றினால் சர்வர் இனி எங்கேயும் மாட்டாது. ஆனால் மஞ்சளில் நின்ற நம்புத்தாய் சிவப்பாகிவிடுவார். சிவப்பு என்றால் அப்படி ஒரு ஆளே கிடையாது என்று அர்த்தம். ஆளே இல்லாதவருக்கு மயக்க மருந்து மெஷின் ஓடாது. முகாமில் ஏறிய சான்றில் சாட்சியை மாற்ற முடியாது; புதுச் சான்று வாங்கத் தொண்ணூறு நாள் ஆகும். பெயரைச் சொல்லி விலக்கு கொடுக்க வாரியக் கூட்டத்துக்குத்தான் அதிகாரம். அடுத்த கூட்டம் மூன்று வாரம் கழித்து.

அந்த முகாமில் இப்படி எத்தனை பேர் என்று தேடிப் பார்த்தேன். இருநூற்றுப் பன்னிரண்டு பெண்கள். நூற்றாறு ஜோடிகள். தனியாக ஒருத்திகூட இல்லை.

சரி, முதலில் மூன்று வரியையாவது சோதித்துப் பார்ப்போம் என்று ஓட்டினேன். நம்புத்தாய்: சிவப்பு. எதிர்பார்த்ததுதான். ரீத்தம்மாள்: சிவப்பு. டாக்டர் நிலோஃபர்: சிவப்பு. நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஏழு தையல் நர்ஸ், வாசல் செக்யூரிட்டி, கலெக்டர், கிருபாகரன் சார், நான். எல்லோரும் சிவப்பு. மூன்று வரியில் ஏழரைக் கோடிப் பேரையும் இல்லாமல் ஆக்கிவிட்டேன்.

ஐந்து நிமிடம் திரையை முறைத்த பிறகு வாய்விட்டுச் சிரித்தேன். நிலோஃபர் எட்டிப் பார்த்தார். கூடவே ரீத்தம்மாளும் இருந்தார். நம்புத்தாயின் காலில் கட்டு மாற்றவேண்டும் என்று டாக்டரைத் தேடி ஏறி வந்திருக்கிறார்.

"என்னாச்சு தாயி?"

"ஒண்ணுமில்லக்கா. பாத்த பேரே மறுபடி வந்தா விரட்டிவிடுன்னு சொன்னேன். எல்லாரையும் விரட்டுது."

"ஏன்?"

"எல்லாரோட சாட்சியும் மேல மேலன்னு போய்க் கடைசியில ஒரு எடத்துல முடியும். மூலச் சான்றுன்னு பேரு. வாரியத்தோட சொந்தச் சான்று. உச்சி அதுதான்."

"அந்த உச்சிக்கு யாரு சாட்சி?"

எங்கள் துறையில் எல்லோருக்கும் தெரிந்த, யாரும் வாய்விட்டுப் பேசாத விஷயம் அது. "அதுக்கு அதேதாங்கா சாட்சி."

"தனக்குத் தானேயா?"

"ஆமா. இதுவரைக்கும் அங்க வந்ததும் நின்னுக்கிச்சு. இப்ப பாத்த பேரே மறுபடி வருதுன்னு விரட்டுது."

ரீத்தம்மாள் கொஞ்ச நேரம் என்னையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். கேலி இல்லை; கணக்கு வாத்தியாரிடம் சந்தேகம் கேட்கிற முகம்.

"நாங்களாச்சும் ரெண்டு பேருல்ல?" என்றார்.

நிலோஃபர் வாசல் பக்கம் திரும்பிக்கொண்டார். கட்டு மாற்ற ரீத்தம்மாளைக் கூட்டிக்கொண்டு கீழே போனார்.

நான் வேலைக்குத் திரும்பினேன். மூலச் சான்றுக்கு ஒரு விலக்கு எழுத வேண்டும்: சுழல் வந்தால் நிராகரி, ஆனால் தனக்குத் தானே சாட்சியாக ஒரே ஒருவர் இருந்தால் அனுமதி. இப்படி விலக்குகளை எழுதும்போது எண்ணை வரிக்குள் புதைக்காமல் தனியாக மேலே வைப்பது நல்ல பழக்கம். வைத்தேன். 'சுழலில் இருக்கக்கூடியவர்கள்: 1.'

அந்த ஒன்றைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அது ஏன் ஒன்று? எந்தக் கணித விதியும் அப்படிச் சொல்லவில்லை. ஒருவர் தன்னைப் பற்றித் தானே சொல்வதை நம்பலாம் என்று நாங்கள் முடிவு செய்திருந்தோம், அவ்வளவுதான்.

இரண்டு என்று மாற்றினால் என்ன ஆகும் என்றும் எனக்கு நன்றாகத் தெரியும். நம்புத்தாய் பிழைப்பார். நூற்றாறு ஜோடியும் பிழைக்கும். இன்னொரு பக்கம், களவுபோன முகாம் முத்திரை ஒன்று கையில் இருக்கிற இரண்டு திருடர்கள் கைகோத்துக்கொண்டு, நாங்கள் இன்னார் என்று ஒருவருக்கொருவர் சாட்சி போட்டால் கதவு திறந்துவிடும். எத்தனை நாளில் அதைக் கண்டுபிடிப்பார்கள்? ஒரு மாதம்? இரண்டு? மணி நாலரை. நிலோஃபர் இரண்டு தடவை வந்து வாசலில் நின்றுவிட்டுப் போனார்.

ஒன்றை அழித்து இரண்டு என்று போட்டேன்.

கிருபாகரன் சாருக்குப் போன் செய்தேன். அவசரத் திருத்தம் ஏற அவர் கையெழுத்தும் வேண்டும்.

"சுழல் நின்னுடுச்சா?"

"நின்னுடுச்சு சார். இனிமே எந்தச் சான்றாலயும் சர்வரை மாட்டவிட முடியாது."

"சோதனையெல்லாம் பாஸா?"

"எல்லாம் பாஸ் சார். அந்த எண்ணை மட்டும் ஒரு தடவை பாத்துட்டு..."

"நீங்க பாத்தாச்சுல்ல? மந்திரி ஆபீஸ்லேர்ந்து லைன்ல இருக்காங்க. ஏத்துங்க."

ஏற்றினேன். நாலு ஐம்பத்திரண்டு.

போலீஸ்காரர் பிஸ்கட் டப்பாவைத் திறந்து கொடுத்துவிட்டு நாலடி பின்னால் போய் நின்றார். நம்புத்தாயின் வில்லையை ரீத்தம்மாளே எடுத்து வைத்தார். மஞ்சள். பச்சை. நான் பதிவைப் பார்த்தேன்: நம்புத்தாய், ரீத்தம்மாள், நம்புத்தாய். அனுமதி. மூன்றே வரி. அவ்வளவு அழகான பதிவை நான் அதுவரை பார்த்ததில்லை.

ஸ்ட்ரெச்சர் உள்ளே போனதும் ரீத்தம்மாள் கதவைப் பார்த்து நின்றபடி உதட்டுக்குள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார். ஜெபம் என்று நினைத்தேன். கிட்டே போனால், எண்ணிக்கொண்டிருந்தார். எண்பது வந்ததும் மறுபடி ஒன்றிலிருந்து. இரண்டு மணி நேரம் எண்ணினார்.

இரண்டு விரல் போயிற்று. பாதம் தப்பியது.

மறுநாள் காலையிலேயே கிருபாகரன் சார் நான் ஏற்றியதை வரி வரியாகப் படித்துவிட்டார். கத்துவார் என்று பார்த்தேன், கத்தவில்லை. "கேட்டிருந்தா நான் வேண்டாம்னுதான் சொல்லியிருப்பேன்," என்றார். "அதனாலதான் அழுத்திக் கேக்கலையாம்மா?" உண்மை அதுதான். உடனே அந்த எண்ணை ஒன்றாக்கவும் அவரால் முடியவில்லை. நம்புத்தாய் வார்டில் இருந்தார். ஒவ்வொரு ஊசிக்கும் வில்லை பச்சையாக வேண்டும். காரணம் சொல்லி ஒத்திப்போட்டார். மனசுள்ள மனுஷன்தான்.

இரண்டாவது மாதம் நான் பயந்தது நடந்தது. இரண்டு பேர் ஒருவருக்கொருவர் சாட்சி போட்டுக்கொண்டு ஒரு டீசல் கிடங்கின் கதவைத் திறந்துவிட்டார்கள். காவலாளியைக் கட்டிப்போட்டதில் அவருக்கு மணிக்கட்டு உடைந்தது. அவர் பெயரை விசாரித்து, நேரில் போய்ப் பார்த்தேன். நான் யார் என்று சொன்னேன். அவர் கட்டுப் போட்ட கையைப் பார்த்துக்கொண்டார். அவர் மனைவி நிறையச் சொன்னார். நியாயமான வார்த்தைகள்தான். கேட்டுக்கொண்டு வந்தேன்.

அந்த வாரமே என்மேல் விசாரணை வந்தது, பணி இடைநீக்கமும் வந்தது. வாரிய ஊழியர்களுக்கு மேலதிகாரிதான் சாட்சி. ஒரு நாள் மத்தியானம் கிருபாகரன் சார் கூப்பிட்டார்.

"சுபா, தப்பா எடுத்துக்காதீங்க. என் கையெழுத்தை வாபஸ் வாங்கச் சொல்றாங்க. எனக்கு மேலயும் ஒருத்தர் இருக்காரும்மா."

"பரவாயில்ல சார்."

பரவாயில்லாமல் எல்லாம் இல்லை. மார்க்கெட்டிலிருந்து திரும்பினால் என் குடியிருப்பின் கேட் சிவப்பு. பத்து வருடமாக எனக்கு வணக்கம் வைக்கிற செக்யூரிட்டி, "மேடம், எனக்கு நீங்க யாருன்னு தெரியும், ஆனா..." என்று இழுத்தார். என்னுடையது முகாம் சான்று இல்லை, இன்னொருவர் சாட்சி போட்டால் திறந்துவிடும். கூடப் படித்தவர்கள் இரண்டு பேருக்குப் போன் செய்தேன். விசாரணை முடியட்டுமே என்றார்கள். கையில் கத்தரிக்காய்ப் பையோடு கேட்டுக்கு வெளியே நின்று அழுதேன். அழுதுகொண்டிருக்கும்போது, கால் கட்டுப் பிரித்த சேதி சொல்ல ரீத்தம்மாள் தற்செயலாகக் கூப்பிட்டார்.

மறுநாள் காலை அவரே பஸ் பிடித்து மதுரைக்கு வந்தார். தன் வில்லையை என் வில்லைமேல் வைத்து அழுத்தினார்; சாட்சி போடுவது அப்படித்தான்.

"அக்கா, பின்னால உங்களுக்குப் பிரச்சினை வரலாம்."

"நீ யாருன்னு எனக்குத் தெரியும்," என்றார். "அதத்தான கேக்குது?"

விசாரணை சென்னையில். மூன்று பேர், தலைவர் ஓய்வு பெற்ற நீதிபதி பாக்கியநாதன். வாக்குமூலம் எடுக்கும் முன் என் வில்லையை மேஜையில் வைக்கச் சொன்னார்கள். பெரிய திரையில் பதிவு ஓடியது: சுபாஷிணி, ரீத்தம்மாள், நம்புத்தாய், ரீத்தம்மாள். அனுமதி.

பாக்கியநாதன் கண்ணாடியை இறக்கினார். "நீங்க இந்த ரூமுக்குள்ள வந்ததே நீங்க போட்ட அந்த ரெண்டாலதானா?"

"ஆமா சார்."

"இன்னைக்கு சாயங்காலம் அதை ஒண்ணாக்கப் போறோம். அந்தம்மா டிஸ்சார்ஜ் ஆயாச்சு. கடலோரத்துக்காரங்களுக்குப் புதுச் சான்று தர வேற ஏற்பாடு யோசிக்கலாம். ஆட்சேபணை உண்டா?"

"இல்ல சார். ஒரு சந்தேகம் மட்டும். என் வாக்குமூலம் வாரியத்தோட மின்கோப்புலதானே பதிவாகுது? அந்தக் கோப்பைத் திறக்கிற ஒவ்வொரு தடவையும் அதுல இருக்கிற கையெழுத்தெல்லாம் முதல்லேர்ந்து சரிபார்க்கப்படும். அதை ஒண்ணுன்னு மாத்தின நிமிஷம் நான் செல்லாத ஆள். என் வாக்குமூலமும் செல்லாது. அது இல்லாம எனக்குத் தண்டனை கொடுக்க விதியில இடமில்லை. எண்ணை மாத்துற உத்தரவும் என் வாக்குமூலத்தை ஆதாரமா வச்சுத்தானே போடறீங்க?"

இடப்பக்கம் இருந்த உறுப்பினர்தான் முதலில் சுதாரித்தார். "சிம்பிள். நீங்க வேற ஒரு சாட்சி போட்டுக்குங்க. அப்புறம் வாக்குமூலம் எடுத்துக்கலாம்."

"ரொம்ப நல்லது சார். யார் போடறீங்க?"

என் வில்லையை மேஜை நடுவுக்கு நகர்த்தினேன்.

"ரெண்டு நிமிஷ வேலைதான். உங்க வில்லையை என் வில்லைமேல வச்சாப் போதும். நான் சுபாஷிணின்னு மட்டும்தான் அதுல இருக்கும். நல்லவள்னு இருக்காது."

இடப்பக்கம் போனை எடுத்துப் பார்த்தார். வலப்பக்கம் கோப்பின் நாடாவைக் கட்டி அவிழ்த்தார். பாக்கியநாதன் மட்டும் தன் வில்லையைத் தொட்டார். ஒரு கணம், வைத்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். வைத்திருந்தால் அன்றே எல்லாம் முடிந்திருக்கும். நானும் தலைகுனிந்து ஏற்றுக்கொண்டிருப்பேன். அவர் வில்லையைச் சட்டைக்குள் விட்டுக்கொண்டார்.

"அடுத்த அமர்வுக்கு ஒத்திவைக்கிறேன்," என்றார்.

அதற்குப் பிறகு ஐந்து அமர்வுகள் ஒத்திவைக்கப்பட்டன. எண்ணை முதலில் மாற்றுவதா, வாக்குமூலத்தை முதலில் எடுப்பதா என்று சட்டப் பிரிவு தொழில்நுட்பப் பிரிவைக் கேட்கிறது. அதைச் சட்டப் பிரிவுதான் சொல்ல வேண்டும் என்று தொழில்நுட்பப் பிரிவு திருப்பி அனுப்புகிறது. கடலோரப் பெண்களில் பாதிப் பேர் இதற்குள் புதுச் சான்று வாங்கிவிட்டார்கள். மீதிப் பேருக்கு வேலை நடக்கிறது. நம்புத்தாய் எட்டு விரலோடு மறுபடி கடலுக்குள் இறங்குகிறார். முன்னைப் போல ஆழம் போவதில்லை, அறுபதிலேயே மேலே வந்துவிடுகிறார் என்று ரீத்தம்மாள் சொன்னார்.

கோப்பு எங்கே இருக்கிறது என்பதை வாரியத்தின் தளத்தில் யாரும் பார்க்கலாம். நேற்றும் உட்கார்ந்து உருட்டிப் பார்த்தேன். சட்டப் பிரிவு. தொழில்நுட்பப் பிரிவு. சட்டப் பிரிவு. தொழில்நுட்பப் பிரிவு. மூன்றாவது பெயர் வரவே இல்லை.

அதை எப்படி நிறுத்துவது என்று எனக்குத் தெரியும். இதுவரை யாரும் கேட்கவில்லை.